அயலவனுக்குப் பிணை நின்றவர்



பிணைக் கையெழுத்து என்றால் நம்மில் எவருக்கும் ஒரு தயக்கம் உண்டு. உற்ற நண்பரே கடன் பத்திரத்தோடு படலையடியில் வந்து நின்றாலும், உள்ளே அழைத்துத் தேநீர் கொடுப்போம், சுகம் விசாரிப்போம். கையெழுத்துக்கு மாத்திரம் ஏதேனும் சாட்டுச் சொல்லித் தப்பிக்கொள்வோம். இதற்கு வேதாகமத்திலேயே நமக்கு ஆதாரமும் இருக்கிறது. பிறனுக்காகப் பிணைபட வேண்டாமென்று நீதிமொழிகள் ஆகமம் ஒருமுறைக்குப் பலமுறை எச்சரிக்கின்றது. பிணை நின்று காணி பூமியை இழந்த குடும்பங்களின் கதையை எந்த ஊரிலும் கேட்கலாம்.

இப்படியிருக்க, ஓர் ஊரிலுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும், அதுவும் தத்தம் உடைமை முழுவதையும் ஈடாக வைத்துப் பிணை நிற்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். அவர் பெரும் பணக்காரருமல்லர், பல்கலைக்கழகத்திற் கற்றவருமல்லர். கண்ணோயினால் இராணுவத்தை விட்டு விலகிய ஒரு பழைய போர்ச்சேவகர். ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்று வங்கிகளின் வாயிலில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர்தாம் ஜேர்மனியரான பிரெட்றிக் வில்ஹெல்ம் றைபைசன்.

இராணுவத்தில் எட்டு ஆண்டுகள்

றைபைசன் 1818ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆம் திகதி, வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பாங்கான பகுதியில், சீக் ஆற்றின் கரையிலுள்ள ஹம் என்ற ஊரிலே பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவர் ஏழாமவர். தந்தையார் கமக்காரர், சில காலம் அவ்வூரின் மேயராகவும் இருந்தவர். ஆயினும் சிறு வயதிலேயே தந்தையின் ஆதரவு இல்லாமற்போயிற்று. குடும்பப் பாரத்தைத் தாயே சுமந்தார். உயர்தரக் கல்விக்கு வீட்டிலே பணமில்லை. ஊரின் புரட்டஸ்தாந்து போதகரான சைப்பல் என்பவர் பையனைத் தம்மிடம் அழைத்துப் பாடஞ் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் அவர் நடத்திய வாழ்வின் வேர்களைத் தேடுவோர் இந்தத் தாயிடமும் போதகரிடமும் வந்துதான் நிற்பார்கள்.

பதினேழாவது வயதில், 1835இல், பிரஷ்ய இராணுவத்தின் பீரங்கிப் படையிலே தொண்டராகச் சேர்ந்தார். முதலில் கொலோன் நகரிலும், பின்னர் கொப்லென்ஸ் நகரிலும், அதன்பின் சைன் என்ற இடத்திலுள்ள இரும்பு வார்ப்பாலையிலும் அவருக்குச் சேவை. வார்ப்பாலையிலே பீரங்கிக் குண்டுகளின் தயாரிப்பை மேற்பார்வை செய்வது அவர் கடமையாயிருந்தது. அவ்வாண்டுகளில் பிரஷ்யா எந்தப் போரிலும் இறங்கவில்லை. எனவே அவர் போர்க்களத்தைக் காணவில்லை. ஆனால் ஒழுங்கு, கணக்கு, சொன்ன சொல்லைத் தவறாமை ஆகிய மூன்றையும் இராணுவத்திலே கற்றுக்கொண்டார். உத்தியோக உயர்வுக்கு வழி திறந்திருந்த வேளையிலேயே கண்ணோய் அவரைப் பிடித்தது. 1843இல் இராணுவத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. அந்தக் கண்ணோய் சாகும்வரை அவரை விடவேயில்லை.

பஞ்ச காலத்திலே பாண்

அரசாங்க அலுவலகத்திலே சிறிது காலம் எழுதுவினைஞர் வேலையில் பழகிய பின், 1845இல் வையர்புஷ் என்னும் ஊரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த பகுதிக்கு மேயராக நியமனம் பெற்றார். அவ்வாண்டிலேயே எமிலி என்ற பெண்மணியை மணந்தார். மேயர் என்றவுடன் மாநகர மண்டபத்தையும் தங்கச் சங்கிலியையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். கரடுமுரடான மலைக் கிராமங்கள், சிறு துண்டு நிலங்கள், சேற்றுப் பாதைகள் – இவைதாம் அவருடைய ஆட்சிப் பரப்பு.

அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்கு அழுகிற்று, தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846ஆம் ஆண்டு முடிந்து 1847 பிறந்த அந்தக் குளிர்காலத்தில் ஏழைகள் பாணுக்கு வழியின்றித் தவித்தார்கள். மேலிடத்துக்கு விண்ணப்பித்து அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து மா வருவித்தார் றைபைசன். ஆனால் மாவுடன் ஒரு கட்டளையும் வந்தது: கைக்காசு கொடுப்போருக்கு மாத்திரமே விற்க வேண்டும். கைக்காசு இருந்தால் அவர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? இளம் மேயர் அந்தக் கட்டளையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஏழைகளுக்குக் கடனாக மாவைக் கொடுத்தார். எட்டாண்டு காலம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகிய ஒரு போர்ச்சேவகர் இதைச் செய்தார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அத்துடன், வசதி படைத்தவர்களை ஒன்றுகூட்டி அவர்களிடம் பணந் திரட்டிப் பாண் சங்கமொன்றை அமைத்தார். மொத்தமாகத் தானியம் வாங்கி, ஊருக்குப் பொதுவான போறணையொன்றைக் கட்டி, சந்தை விலையிலும் மிக மலிவாகப் பாண் கிடைக்கச் செய்தார். ஏழைகள் அறுவடைக்குப் பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு.

மாட்டைக் கொடுத்து நிலத்தை எடுத்தவர்கள்

1848இல் பிளாமர்ஸ்பெல்ட் என்ற பகுதிக்கு மாற்றலாகிச் சென்றார். அங்கே பஞ்சத்திலும் கொடிய ஒன்றைக் கண்டார். பஞ்சம் ஓராண்டில் தீரும். இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது.

மாடில்லாத கமக்காரனுக்கு எருவில்லை, பாலில்லை, உழவுமில்லை. மாடு வாங்கப் பணமில்லாதவனிடம் மாட்டு வியாபாரி வருவான். ஒரு பசுவைக் கொண்டுவந்து தொழுவத்திலே கட்டுவான். பசு வியாபாரிக்கே சொந்தம். தீன்போட்டு வளர்ப்பது மட்டும் கமக்காரன் பாடு. பசு கொழுத்ததும் வியாபாரி அதை ஓட்டிச் சென்று, மெலிந்த மாடொன்றைக் கட்டிவிட்டுப் போவான். கன்றிலும் அவனுக்குப் பங்கு. தவணை தவறினால் வட்டி. வட்டிக்கு மேல் வட்டி. ஈற்றில் மாடும் போய், நிலமும் போய், கமக்காரன் தன் சொந்த நிலத்திலேயே கூலிக்காரனாய் நிற்பான். அவன் சோம்பேறியுமல்லன், குடிகாரனுமல்லன். நியாயமான வட்டிக்குக் கடன் கொடுக்க அவனுக்கு ஒருவருமில்லை, அவ்வளவுதான். நகரத்து வங்கிகள் அவன் முகத்தையும் பார்ப்பதில்லை.

1849 டிசம்பர் முதலாந் திகதி, ஏழைக் கமக்காரரின் உதவிக்கென ஒரு சங்கத்தை றைபைசன் அங்கே நிறுவினார். வசதியுள்ளோர் அறுபது பேர் தங்கள் சொத்து முழுவதையும் பிணையாக வைத்தார்கள். அந்தப் பிணையின் பேரிலே சங்கம் கடன் வாங்கிற்று. மாடுகளை வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தது. ஐந்தாண்டுத் தவணையிலே பணத்தை அறவிட்டது. மாடு கமக்காரனுக்கே சொந்தமாயிற்று. விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்காக அவர் மலைக்கிராமங்களிலிருந்து றைன் நதிக்கரை நோக்கி ஒரு வீதியையும் அமைப்பித்தார். அவ்வீதிக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

தர்மம் களைத்துப்போயிற்று

1852இல் நொய்வீட் நகருக்கு அண்மையிலிருந்த ஹெடெஸ்டோர்ப் என்ற ஊருக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே 1854இல் ஒரு தர்ம சங்கத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தல், சிறையிலிருந்து விடுபட்டோருக்கு வேலை தேடிக் கொடுத்தல், வாசிகசாலை அமைத்தல், ஏழைகளுக்குக் கடன் கொடுத்தல் எனப் பல நற்கருமங்கள் அதன் திட்டத்தில் இருந்தன. நமது பங்குகளிலுள்ள வின்சன்ட் டி போல் சபையாரின் பணிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது.

வாசகரே, இவர் வாழ்விலே நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சங்கம் தளர்ந்தது. முதலில் உற்சாகத்தோடு வந்த செல்வந்தர் ஒவ்வொருவராய் ஒதுங்கினார்கள். மற்றவர்களுக்காகத் தாங்கள் எத்தனை காலம் பொறுப்பு நிற்பது என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, களைத்துவிட்டார்கள். திட்டத்திலிருந்த பணிகள் ஒவ்வொன்றாய்க் கைநழுவி, கடன் கொடுக்கும் வேலை ஒன்றே எஞ்சிற்று.

றைபைசனுக்கு இது பெரும் மனவேதனை. கிறிஸ்தவ அன்பின் பேரில் உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய உறுதியான எண்ணம். மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்திலே, சின்னஞ்சிறியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகக் கிறிஸ்து கொள்ளும் அந்தப் பகுதியே அவர் வாழ்வுக்கு அத்திவாரம். ஆயினும் அனுபவம் அவருக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. கொடுப்பவர் ஒருபுறமும் வாங்குபவர் மறுபுறமுமாய் நிற்கும்வரை கொடுப்பவர் களைத்துப்போவார். வாங்குபவர் என்றும் குனிந்தே நிற்பார். 1864இல் பழைய சங்கத்தை மாற்றி, ஹெடெஸ்டோர்ப் கடனுதவிச் சங்கம் என்று புதிதாக அமைத்தார். கடன் வேண்டுவோர் எவரோ அவர்களே சங்கத்தின் அங்கத்தவராக வேண்டும். செல்வந்தனும் ஏழையும் ஒரே பதிவேட்டிலே கையெழுத்திட்டார்கள். இதுவரையில் பிணை நிற்கப்பட்டவன் இப்போது தானும் பிணை நிற்பவனானான்.

ஓர் ஊர், ஒரு சங்கம்

அந்தச் சங்கம் இயங்கிய விதம் எளிமையானது. ஒரு சங்கத்தின் எல்லை ஏறக்குறைய ஒரு கோயிற் பங்கின் அளவுக்கு மேற்படலாகாது. ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டுமென்பதே இதற்குக் காரணம். யார் உழைப்பாளி, யார் ஊதாரி, எவன் வீட்டிலே நோய், எவனுடைய வயல் வெள்ளத்தில் போனது என்பதெல்லாம் அயலவனுக்குத் தெரியும். தூரத்து வங்கி முகாமையாளருக்குத் தெரியாது. அந்த அறிவே சங்கத்தின் முதல்.

நிருவாக சபையினருக்குச் சம்பளமில்லை. கணக்கருக்கு மாத்திரமே வேதனம் உண்டு. கடன் எதற்காக என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கும் விதைக்கும் கொடுபடும். வீண் ஆடம்பரத்துக்குக் கொடுபடாது. இலாபம் அங்கத்தவரிடையே பங்கிடப்படமாட்டாது. யாரும் பிரித்தெடுக்க முடியாத சேமநிதியாக அது வளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் பட்ட கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தவரும் தம் உடைமை முழுவதாலும் பொறுப்பு. தனியொருவன் பிணை நின்றால் அவன் ஒருவனே அழிவான். எல்லோரும் எல்லோருக்கும் பிணை நின்றாலோ, கடன்பட்டவன் திருப்பிச் செலுத்த வேண்டுமென்பதில் ஊர் முழுவதற்கும் அக்கறை உண்டாகும். நீதிமொழிகள் எச்சரித்த அதே பிணை இவ்வாறு ஊருக்குக் காவலாயிற்று.

இருளிலே உழைத்தவர்

இவ்வளவும் நடந்த காலத்தில் அவர் வீட்டிலே என்ன நடந்தது? அவருக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவர் சிறு பராயத்திலேயே இறந்தார்கள். 1863இல் மனைவி எமிலியும் காலமானார். கண்பார்வை நாளுக்கு நாள் மங்கிற்று. 1865இல், நாற்பத்தேழாவது வயதிலேயே, சுகவீனங் காரணமாக மேயர் பதவியிலிருந்து இளைப்பாற வேண்டியதாயிற்று. கிடைத்த ஓய்வூதியமோ சொற்பம். பிழைப்புக்காகச் சுருட்டுத் தொழில் நடத்திப் பார்த்தார். பின்னர் முந்திரிகை இரச வியாபாரஞ் செய்தார். ஏழைகளுக்காக வங்கி அமைத்தவர் அந்த வங்கியால் தமது வயிற்றை வளர்க்கவில்லை.

மூத்த மகள் அமாலி தந்தையின் கண்களாக இருந்தார். கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் அவரே. கடனுதவிச் சங்கங்களைப் பற்றி றைபைசன் 1866இல் வெளியிட்ட நூலையும் தந்தை சொல்லச் சொல்ல மகளே எழுதினார். இந்நூல் அவர் காலத்திலேயே பல பதிப்புகளைக் கண்டது. அதை வாசித்து ஊர் ஊராகச் சங்கங்கள் தோன்றின. றைபைசனின் பெயரை அறிந்த உலகம் அமாலியின் பெயரை அறியவில்லை. தந்தையின் பணிக்குத் தம்மைக் கொடுத்துவிட்ட அந்த மகள் கடைசிவரை மணஞ் செய்யவேயில்லை. பெரியோர் பலருடைய வரலாற்றிலே இப்படியொரு பெண் மறைந்து நிற்பதை நாம் மறந்துவிடலாகாது.

வெளியே எதிர்ப்பும் இருந்தது. நகரத்துக் கைத்தொழிலாளருக்குக் கடன் சங்கங்கள் அமைத்துப் புகழ்பெற்ற ஷூல்ஸ டெலிட்ச் என்பவர் றைபைசனின் முறையைக் கடுமையாகக் கண்டித்தார். எந்நேரமும் மீளப்பெறக்கூடிய வைப்புப் பணத்தை ஆண்டுக்கணக்கில் கடனாகக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். வங்கிக் கணக்குப்படி அதிலே நியாயம் உண்டு. ஆனால் சப்பாத்துத் தைப்பவன் மூன்று மாதத்தில் கடனைத் தீர்க்கலாம். கன்று பசுவாவதற்கு மூன்று மாதம் போதுமா? நிலத்தின் காலக்கணக்கு வேறு. சங்கங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கவென றைபைசன் 1872இல் நொய்வீட்டிலே ஒரு மத்திய வங்கியை நிறுவினார். ஷூல்ஸ 1876இல் பாராளுமன்றத்திலே இப்பிரச்சினையைக் கிளப்பியபோது, அதன் அமைப்பையே மாற்ற நேர்ந்தது. றைபைசன் மாற்றினார், பணியைக் கைவிடவில்லை.

ஒரு குறை

வாசகரே, பெரியவர் ஒருவரைப் போற்றி எழுதும்போது அவருடைய குறையை மறைப்பது வழக்கம். அது உண்மைக்குச் செய்யும் துரோகம். றைபைசன் காலத்து மாட்டு வியாபாரிகளிலும் வட்டிக்காரரிலும் யூதர்கள் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். நிலம் வைத்திருக்கவும் தொழிற் குழுக்களிற் சேரவும் யூதரை நெடுங்காலம் தடைசெய்து, வியாபாரத்தையும் வட்டியையும் அவர்கள் கையிலே தள்ளியதும் கிறிஸ்தவ நாடுகளே. றைபைசனோ தமது பிற்காலத்தில், தனியாட்களின் பேராசையை மட்டுங் கண்டியாமல், யூத இனத்தவரையே பழித்தெழுதத் துணிந்தார். அவருடைய காலத்தவர் பலரிடம் இருந்த காழ்ப்பு அது. அவர் இறந்து அறுபது ஆண்டுகள் நிறைவதற்குள் அதே காழ்ப்பு அவருடைய நாட்டிலே இலட்சக்கணக்கான அப்பாவிகளைக் கொன்றொழித்தது. அந்தக் கொலைகளை அவர்மீது சுமத்துவது நியாயமல்ல. ஆனால் தம் ஊர் ஏழையிடம் கிறிஸ்துவைக் கண்ட கண்கள், கிறிஸ்துவின் சொந்த இனத்தவரிடம் அவரைக் காணவில்லை என்பதை நாம் சொல்லாமல் விடமுடியாது. அயலான் யார் என்ற கேள்வி அவருக்கும் முழுவதாக விடைபடவில்லை.

இறைவன் காட்டிய விடை வேறிடத்திலிருந்து வந்தது. றைபைசன் உயிரோடிருக்கையிலேயே, 1883இல், இத்தாலியிலே பாதுவா நகருக்கு அருகிலுள்ள லொறெஜ்ஜியா என்னும் கிராமத்தில் அந்நாட்டின் முதலாவது கிராமக் கடன் சங்கத்தை அவர் முறைப்படி தொடங்கி வைத்தவர் லெயோனே வொலெம்போர்க். அவர் ஒரு யூதர்.

எல்லை கடந்த சங்கம்

1888 மார்ச் 11ஆம் திகதி, எழுபதாவது பிறந்த நாளுக்கு மூன்று வாரங்கள்கூட இல்லாதபோது, றைபைசன் ஹெடெஸ்டோர்ப்பிலே இறையடி சேர்ந்தார். அப்போது நானூறுக்கு மேற்பட்ட சங்கங்கள் அவருடைய இணைப்பில் இருந்தன.

அவர் புரட்டஸ்தாந்தர். ஆயினும் அவர் காட்டிய வழியிலே கத்தோலிக்கக் குருக்கள் பலர் தயங்காது நடந்தார்கள். அவரோடு நெருங்கி உழைத்து, 1902இல் அவர் சரித்திரத்தை எழுதியவர் மார்ட்டின் பாஸ்பெண்டர் என்ற கத்தோலிக்கர். இத்தாலியிலே லுயிஜி செருத்தி என்ற குருவானவர் கத்தோலிக்கக் கிராம வங்கிகளைத் தொடங்கினார். ஒல்லாந்திலே வன் டென் எல்சன் என்ற நோர்பெற்றைன் துறவி கமக்காரர் வங்கிகளைப் பரப்பினார். கனடாவிலே அல்போன்ஸ் டெஜார்டென் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் 1900இல் லேவி நகரில் மக்கள் வங்கியை ஆரம்பித்தார். பரிசுத்த தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி 1891இல் விடுத்த சுற்றுமடல் வட்டிக் கொடுமையையும் கண்டித்தபோது, அதற்கு மாற்று வழியொன்று நாட்டுப்புறங்களில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது.

நமது கரைக்கும் அது வந்து சேர்ந்தது. சென்னை அரசாங்கம் பிரெட்றிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கமக்கடன் முறைகளை ஆராயும்படி நியமித்தது. 1895ஆம், 1897ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய விரிந்த அறிக்கை, றைபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை என்ற முடிவிலே வந்து நின்றது. 1904இல் இந்தியாவிலும், 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டங்கள் பிறந்தன. நம் தந்தையரும் பாட்டன்மாரும் ஐக்கிய நாணய சங்கம் என்று அழைத்தார்களே, அதன் பூர்வீகம் அந்த வெஸ்டர்வால்ட் மலைக்கிராமங்களிலே இருக்கிறது. எவ்வளவு பொருத்தமான பெயர்! நாணயம் என்றால் காசு; நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமை. இரண்டாவது இல்லாத இடத்திலே முதலாவது நிலைக்காது. சங்கங்கள் சீரழிந்த ஊர்களிலே முதலில் வற்றியது பணமல்ல என்பதை அங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள்.

றைபைசன் பெயர் தாங்கிய வங்கிகள் சில இன்று மாபெரும் நிறுவனங்கள். கூட்டுறவு என்னும் எண்ணத்தையும் நடைமுறையையும் மனுக்குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக யுனெஸ்கோ 2016இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமைகளை அறிந்திருப்பது நல்லதே. ஆனால் அவற்றைக் காட்டிலும் நமக்கு வேண்டியது, அவர் ஹெடெஸ்டோர்ப்பிலே கற்ற அந்தப் பாடம். ஏழைக்குக் கொடுப்பது நல்லது. கொடுத்தவுடன் நாம் வீடு திரும்பிவிடலாம். அவனை நம்பி, நம்மோடு சரிசமமாக ஒரே பதிவேட்டிலே கையெழுத்திடச் சொல்வது கடினம்; அன்றிலிருந்து அவனுடைய மழையும் வெயிலும் நம்முடையவை.

அடுத்த முறை அயலவர் ஒருவர் கடன் பத்திரத்தோடு உங்கள் படலையடிக்கு வந்தால், உடனே கையெழுத்திட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நீதிமொழிகளின் எச்சரிக்கையும் தேவவாக்கே. ஆனால் தேநீரோடு அவரை அனுப்பிவிடாதீர்கள். எதற்காகக் கடன் என்று கேளுங்கள். இன்னும் பத்துப் பேரை அழைத்து, அவரையும் கூட இருத்தி, எல்லோருமாகச் சேர்ந்து என்ன செய்யலாமென்று பேசுங்கள். பார்வை மங்கிய ஒரு பழைய போர்ச்சேவகர் தொடங்கியதும் இவ்வாறுதான்.